குறைமாதக் குழந்தையும் கிருமித் தொற்றும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு கிடக்கும். பதினாறு வருடம் செவிலியராக அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்த போதெல்லாம் யாராவது எழுந்து நின்று ஏதாவது கேட்பார்கள். கேட்கும் முகங்கள் மாறின, கேள்விகள் மாறவில்லை. இரவுப் பணிக்கு நடுவில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு உள்ளே ஓடிய பதில்கள் போதாதவை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லோடு சேர்த்து, நிதானமாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

எட்டு மாதம் முடிந்துதான் பிறந்தது. அதுவும் குறைமாதக் குழந்தைதானா?

கர்ப்பத்தை வாரத்தில்தான் எண்ண வேண்டும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்குள் பிறந்தால் மிகக் குறைமாதம், 28 வாரத்துக்குள் என்றால் அதிதீவிரக் குறைமாதம். தொற்று அபாயம் இந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும்.

எடையை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். நிறைமாதத்தில் 1,800 கிராமில் பிறக்கும் குழந்தையும் உண்டு, 32 வாரத்தில் அதே எடையில் பிறக்கும் குழந்தையும் உண்டு. தராசில் ஒரே எண் காட்டினாலும் தோல், குடல், ரத்த அணுக்கள் எல்லாம் வாரத்துக்கு வாரம் முதிர்பவை. அதனால்தான் ஸ்கேன் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறோம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் வாரத்தை நம்பகமாகச் சொல்லும்.

ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்கிறார் என் மாமியார். உண்மையா சிஸ்டர்?

இல்லை. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 34 வாரக் குழந்தைக்கு 30 வாரக் குழந்தையை விடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், தொற்று அபாயம் குறைவு. இந்த நம்பிக்கையால் எட்டாம் மாதக் குழந்தையின் தாய் பிறந்த அன்றே மனதை விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தைரியம் சொல்லுங்கள், பால் சுரக்க அது முதலில் வேண்டும்.

குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுமே இல்லையா?

ஒன்றுமே இல்லை என்பது தவறு. நம் உடலில் இரண்டு வகைக் காவல் உண்டு. ஒன்று, ஒரு கிருமியைச் சந்தித்து, அதை அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை குறிவைத்துத் தாக்குவது. தடுப்பூசி வேலை செய்வது இதை வைத்துத்தான். இன்னொன்று, யாரும் கற்றுக்கொடுக்காமல் பிறவியிலேயே வருவது. தோல், சளிச்சவ்வு, வயிற்று அமிலம், கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் எல்லாம் இதில் அடங்கும். இதை உள்ளார்ந்த எதிர்ப்பாற்றல் என்கிறோம். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அந்தக் குஞ்சுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்த குழந்தை எந்தக் கிருமியையும் பார்த்தது கிடையாது. ஆகவே முதல் வாரங்களில் அது இந்தப் பிறவிக் காவலையே நம்பியிருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் காவலின் எல்லா உறுப்பும் இருக்கின்றன, ஆனால் எதுவும் முழுதாக முடிந்திருக்காது. கருப்பைக்குள் தாயின் உடலோடு சண்டையிடாமல் அமைதியாக இருப்பதே அதன் வேலையாக இருந்தது. அந்த வேலைக்கு ஏற்ற உடம்போடு திடீரென்று வெளியே வந்துவிட்டது.

சரியாக எதெல்லாம் குறைவாக இருக்கிறது?

தோலிலிருந்து தொடங்குகிறேன், அதை நீங்களே பார்க்கலாம். 26 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரமாக மினுங்கும், கீழே ஓடும் ரத்தக் குழாய்கள் தெரியும். ஒட்டிய பிளாஸ்திரியை அவசரமாக இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். அதனால்தான் நாங்கள் பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். தோலின் மேற்புறக் கெட்டி அடுக்குகள் நிறைமாதத்தில் பத்துக்கும் மேல் இருக்கும், 30 வாரத்தில் இரண்டு மூன்றுதான். நிறைமாதக் குழந்தையின் மேல் மாவு போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சில் கிருமியைக் கொல்லும் புரதங்கள் உண்டு. மிகக் குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பூச்சும் போதுமான அளவு இருக்காது.

அடுத்தது வெள்ளை அணுக்கள். தொற்று நடந்த இடத்துக்கு முதலில் ஓடுவது நியூட்ரோபில். குறைமாதக் குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் இதன் கையிருப்பு மிகக் குறைவு. தொற்று பெரிதானால் இருந்ததெல்லாம் சில மணி நேரத்தில் தீர்ந்துபோய், ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சட்டென்று விழும். இருக்கும் அணுக்களும் ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து நின்று வெளியேறி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போவதில் மந்தமானவை.

மூன்றாவது, கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு ‘இதை விழுங்கு’ என்று அடையாளம் காட்டும் நிரப்புப் புரதங்கள். பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் நிறைமாதக் குழந்தைக்கே இவை குறைவு, குறைமாதத்தில் இன்னும் குறைவு. அடையாளம் இல்லாத கிருமி, விழுங்கும் அணுவின் பக்கத்திலேயே பெருகிக்கொண்டிருக்கும். மற்றக் குழந்தைக்கு ஒன்றும் செய்யாத சாதாரணத் தோல் கிருமிகூட இந்தக் குழந்தையின் ரத்தத்தில் புகுந்து நோயாக்குவது இப்படித்தான்.

என் உடம்பிலிருந்து எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போயிருக்காதா?

போயிருக்கும், ஆனால் பாதி வழியில் நின்றிருக்கும். நீங்கள் இதுவரை சந்தித்த கிருமிகளுக்கு எதிராக உங்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்களில் ஐ.ஜி.ஜி. என்ற வகை மட்டும் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். பெரும்பங்கு போவது கடைசி மூன்று மாதத்தில். நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு தாயின் அளவுக்குச் சமமாக, சில சமயம் அதையும் தாண்டி இருக்கும். 28 முதல் 32 வாரத்தில் பிறந்தால் ஏறக்குறைய பாதிதான்.

மற்ற வகைகள் நஞ்சுக்கொடி வழியே போகாது. அவற்றில் முக்கியமான ஐ.ஜி.ஏ. தாய்ப்பாலில் வருகிறது. சீம்பாலைப் பற்றி நான் இத்தனை பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பனிக்குடம் உடைந்து இரண்டு நாள் கழித்துப் பிறந்தான். நான் தாமதமாக வந்ததால்தான் தொற்றா?

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும் தொற்று பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆக கிருமி மேலே ஏறும் வாய்ப்பும் கூடும். ஆனால் பல தாய்மாரிடம் நடப்பது இதன் மறுபக்கம். பனிக்குடம் முழுதாக இருக்கும்போதே கிருமி உள்ளே போய், அந்த அழற்சியால்தான் பிரசவ வலி முன்கூட்டியே வந்திருக்கும், குடம் உடைந்திருக்கும். வெளியே காய்ச்சலோ வலியோ தெரியாமல் இது நடக்கும்.

ஆகவே உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். எப்போது உடைந்தது, நீரின் நிறம் என்ன, நாற்றம் இருந்ததா, உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து, ஒரு நாளைக் குறைத்துச் சொன்ன தாய்மார் உண்டு. குழந்தைக்கு உடனே மருந்து தொடங்குவதா, காத்திருந்து பார்ப்பதா என்று முடிவு செய்ய அந்த ஒரு நாள் வேண்டும்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் குழந்தைக்குத் தொற்று எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரிக்குள்ளிருந்துதான். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 72 மணி நேரத்துக்குப் பிறகு வரும் தொற்றில் பெரும்பங்கு கைகள், குழாய்கள், கருவிகள் வழியே வருவது. தொப்புள் ரத்தக் குழாயில் போட்ட குழாய், நரம்பில் போட்ட ஊசி, மூச்சுக்காகப் போட்ட குழாய் எல்லாம் குழந்தையை உயிரோடு வைத்திருப்பவை. அதே சமயம் ஒவ்வொன்றும் முன்பு சொன்ன தோல் காவலைத் தாண்டிப் போகும் ஒரு வழி.

எந்தக் கிருமி என்று பார்த்தால், மேலை நாடுகளின் பாடப்புத்தகங்களில் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி முதலிடத்தில் இருக்கும். நம் நாட்டில் நிலைமை வேறு. டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகிய மூன்று கிருமிகளும் முன்னால் நின்றன. அவற்றில் பல, வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதவை. அங்கே முதல் மூன்று நாளில் வந்த தொற்றிலும் இவையே அதிகம் இருந்தன என்பதால், ‘முதல் மூன்று நாள் தாயிடமிருந்து, பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து’ என்ற கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது.

கை கழுவாமல் யார் குழந்தையைத் தொட வந்தாலும், அவர் மருத்துவராக இருந்தாலும் நானாக இருந்தாலும், ‘கை கழுவினீர்களா?’ என்று கேளுங்கள். கேட்ட தாயின் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போடுங்கள். சாமிக் கயிறு என்றால் கழற்றி, வீட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

காய்ச்சலே இல்லை, பிறகு எப்படித் தொற்று என்கிறீர்கள்?

குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வருவது அபூர்வம். கிருமியைக் கண்டதும் உடம்பைச் சூடேற்றும் அளவுக்கு அதற்குக் கொழுப்பும் இல்லை, பலமும் இல்லை. பெரும்பாலும் உடம்பு குளிரும். வயிறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாதம் சில்லிட்டிருக்கும்.

நாங்கள் பார்ப்பது சின்னச் சின்ன மாற்றங்களை. நேற்று வரை பத்து மில்லி பாலைச் செரித்த குழந்தையின் வயிற்றில் இன்று பால் அப்படியே நிற்கும். டயப்பர் மாற்றும்போது காலை உதறிய குழந்தை இன்று போட்டது போட்டபடி கிடக்கும். மூச்சு இருபது விநாடி நின்று, பாதத்தைத் தட்டியதும் திரும்பும். தோல் பளிங்குக் கல் போலத் திட்டுத் திட்டாகும். நெஞ்சு எலும்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். ‘இன்றைக்கு இவன் சரியில்லை சிஸ்டர்’ என்று ஒரு தாய் சொன்னால், கருவியின் எண்கள் சரியாக இருந்தாலும் நான் மருத்துவரை அழைத்துவிடுவேன்.

சி.ஆர்.பி. நார்மல் என்று சொல்லிவிட்டு ஏன் மருந்து போடுகிறார்கள்?

சி.ஆர்.பி. என்பது அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். தொற்று தொடங்கி அது ஏறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். உச்சத்தைத் தொட ஒன்று இரண்டு நாள் ஆகும். முதல் பரிசோதனையில் நார்மல் என்றால் இன்னும் ஏறவில்லை என்றும் பொருளாகலாம். ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைதான் உறுதியானது, அதற்கு 36 முதல் 48 மணி நேரம் தேவை. வெள்ளை அணுக்களின் கையிருப்பு சில மணி நேரத்தில் தீரும் என்று மேலே சொன்னேன். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தவுடன் மருந்து தொடங்கிவிடுகிறோம்.

இத்தனை ரத்தம் எடுத்தால் குழந்தை தாங்குமா?

ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 80 முதல் 90 மில்லி ரத்தம்தான் இருக்கும், ஒரு சிறிய காபி டம்ளர் அளவு. எங்களுக்கும் அந்தக் கவலை உண்டு. எடுத்த ஒவ்வொரு மில்லியையும் தாளில் குறித்து வைக்கிறோம், பரிசோதனைகளை முடிந்த அளவு ஒரே குத்தலில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் கல்ச்சருக்கு ஒரு மில்லியாவது வேண்டும். குறைந்தால் கிருமி இருந்தும் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம்.

அப்படியானால் பாதுகாப்புக்காக ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கலாமே?

வேண்டாம். குழந்தையின் குடலில் முதல் வாரங்களில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் எதிர்ப்பாற்றலைப் பக்குவப்படுத்துகின்றன. தேவையில்லாமல் பல நாள் ஆன்டிபயாடிக் போட்டால் அவை அழிந்து, அந்த இடத்தை மருந்துக்கு மசியாத கிருமிகளும் காளானும் பிடிக்கும். கீழே சொல்லப்போகும் குடல் நோயும் இப்படிப்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டு நாளில் மருந்தை நிறுத்துவதுதான் நல்ல மருத்துவம். நிறுத்தும்போது ‘கைவிட்டுவிட்டார்களா?’ என்று பதறாதீர்கள்.

இரண்டு சொட்டுதான் வருகிறது. அதைச் சிரிஞ்சில் பிடித்துக்கொண்டு வரச் சொல்கிறீர்களே, எதற்கு?

அந்த இரண்டு சொட்டில் ஐ.ஜி.ஏ. நிறைந்திருக்கிறது. கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது, கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது, உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. மேலே ‘குறைவு’ என்று நான் அடுக்கியவற்றில் பலவற்றுக்குச் சீம்பால் ஈடு கொடுக்கிறது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதமும் இந்தப் பாதுகாப்புப் பொருள்களும் நிறைமாதத் தாயின் பாலை விட அதிகம்.

குழந்தையால் இன்னும் விழுங்க முடியாவிட்டாலும் சீம்பாலைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவுகிறோம். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு தாய், அரை மில்லி மஞ்சள் பாலைச் சிரிஞ்சில் பிடித்து, கைக்குட்டையில் சுற்றித் தன் அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். ‘இதை எப்படிக் கொடுப்பது, வெட்கமாக இருக்கிறது’ என்றார் அந்தப் பாட்டி. அன்றைக்கு அந்தக் குழந்தைக்குக் கிடைத்ததில் விலை மதிக்க முடியாதது அதுதான். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்குங்கள். இரவிலும் விடாமல் ஒரு நாளைக்கு எட்டு முறை பீய்ச்சினால் பால் நிற்காது.

எனக்குப் பால் வரவே இல்லை. பவுடர் பால் கொடுக்கலாமா, வேறு தாயின் பாலா?

முதலில் உங்கள் பால், அது இல்லாதபோது தாய்ப்பால் வங்கியின் பால், அதுவும் இல்லாதபோதுதான் குறைமாதக் குழந்தைக்கான பவுடர் பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் வங்கி இருக்கிறது. பால் கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். சூட்டில் உயிரணுக்கள் அழியும், சில புரதங்கள் குறையும். ஆனாலும் பவுடர் பாலோடு ஒப்பிட்டால் குடல் நோய் அபாயம் குறைவு.

பக்கத்துக் கட்டில் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பரிசோதனையும் சூடாக்குதலும் இல்லாத பால் வழியே சில வைரஸ்கள் போகும்.

வயிறு உப்பியிருக்கிறது என்று பாலையே நிறுத்திவிட்டார்கள். பசியில் குழந்தை மெலியாதா?

குடல் திசு அழுகும் ‘நெக்’ என்ற நோய் இருக்குமோ என்று பயந்துதான் நிறுத்துகிறார்கள். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வரும் மிக ஆபத்தான நோய்களில் இது ஒன்று. குடல் சுவரில் கிருமியின் வாசனை பிடிக்கும் உணரிகள் உண்டு. குறைமாதக் குழந்தையின் குடலில் அவற்றில் ஒன்று, டோல் நான்கு எனப்படுவது, அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கும். சாதாரணக் குடல் நுண்ணுயிரைக் கண்டும் கடும் அழற்சி மூண்டு, சுவருக்குப் போகும் ரத்தம் குறைந்து, திசு செத்துப்போகும். பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பளபளவென்று இறுகிய வயிறு இதன் அறிகுறிகள். சத்து அதுவரை ரத்தக் குழாய் வழியே போகும். உங்கள் வேலை பீய்ச்சுவதை நிறுத்தாமல் இருப்பது. குடல் தேறியதும் முதலில் கொடுக்கப்போவது அந்தப் பால்தான்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் நெஞ்சில் வைத்தால் என் உடம்புக் கிருமி ஒட்டாதா?

ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். உங்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் குடியேறினால் மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடம் குறையும். உங்கள் உடலுக்கு அறிமுகமான கிருமிகளுக்கு எதிரான பொருள்கள் உங்கள் பாலிலும் வருகின்றன. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த, 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே கங்காரு முறையில் வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். தொற்றுச் சந்தேகமும் முதல் குழுவில் குறைவாக இருந்தது.

அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். குளித்து, சட்டையில்லாத நெஞ்சில், குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். உங்களுக்குச் சளியோ தோலில் புண்ணோ இருந்தால் முதலில் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்புச் சக்தியை ஏற்ற ஊசி இல்லையா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை.

நகையை அடகு வைத்துவிட்டு வந்து இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். எதிர்ப்பொருள் குறைவு என்றால் அதை ஏற்றிவிடலாமே என்பது நியாயமான யோசனைதான். 3,493 குழந்தைகளிடம் செய்து பார்த்து 2011-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில், தொற்று வந்த குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருளை ஏற்றியும் மரணமோ ஊனமோ குறையவில்லை. வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஊசி எண்ணிக்கையை ஏற்றியதே தவிர உயிரிழப்பைக் குறைத்ததாக நிரூபணமாகவில்லை. லாக்டோஃபெரினைத் தனியாகக் கொடுத்துப் பிரிட்டனில் சுமார் 2,200 குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்விலும் தொற்று குறையவில்லை. பாலில் அது தனியாக இல்லை, மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து இருக்கிறது.

நல்ல பாக்டீரியா சொட்டு மருந்து என்று கடையில் விற்கிறார்களே?

புரோபயாடிக் எனப்படும் இந்தச் சொட்டு குடல் நோயைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் பல சொல்கின்றன. தாய்ப்பால் குடிக்கும், 32 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளுக்குத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. ஆனால் அந்தச் சொட்டில் இருப்பதும் உயிருள்ள பாக்டீரியாதான். அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததை அடுத்து 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. எந்த வகை, யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எதிர்ப்பு பலவீனம் என்கிறீர்கள், குடலில் அளவுக்கு மீறிய அழற்சி என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

ஒரு தந்தை, ஐ.டி.ஐ.யில் மின்சாரப் பாடம் நடத்துபவர், இதைக் கேட்டார். நல்ல கேள்வி. கிருமியைக் கண்டு மணியடிப்பது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை, கொன்ற பின் மணியை நிறுத்துவது மூன்றாவது வேலை. குறைமாதக் குழந்தையிடம் கொல்வதும் நிறுத்துவதும் பலவீனம். கிருமி சாகாததால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் சுற்றி, வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரலையும் மூளையின் வெண்பகுதியையும் தாக்குகின்றன. தொற்று குணமான பிறகும் கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைகளுக்கு மாதக்கணக்கில் வரச் சொல்வது இதனால்தான். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா? தொப்புளில் மஞ்சள், நாக்கில் சேனை, உரை மருந்து, கழுதைப் பால்?

எண்ணெயை மட்டும் தனியாக வைத்துப் பேசுவோம். வங்கதேசத்தின் டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. மெல்லிய தோலுக்கு எண்ணெய் ஒரு மூடியாகிறது. தேங்காய் எண்ணெயும் பயன்படுத்தப்படுகிறது. கடுகெண்ணெய் வேண்டாம், தோலை உறுத்தும். மருத்துவர் சொன்ன பிறகு, புதிய சுத்தமான எண்ணெயை அழுத்தாமல் தடவுங்கள். நீவி, உருவி, காலைப் பிடித்துத் தூக்கிக் குளிப்பாட்டுவதெல்லாம் இந்தக் குழந்தைக்குக் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது.

மற்றவை எதுவும் வேண்டாம். தொப்புளைக் காய்ந்தபடி விட்டுவிடுங்கள். சேனையும் உரை மருந்தும் கழுதைப் பாலும், வயிற்று அமிலம்கூடச் சரியாக ஊறாத குழந்தையின் குடலுக்குள் கிருமியை நேராகக் கொண்டுபோய் விடும். அன்பினால்தான் செய்கிறார்கள் என்று தெரியும். பாட்டிக்கு வேறொரு வேலை கொடுங்கள்: உள்ளே வரும் எல்லோரையும் கை கழுவ வைப்பது. வீட்டில் யார் சொல்வதையும் கேட்காதவர்கள் பாட்டி சொன்னால் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்க மறுக்கிறது, உரம் விழுந்திருக்கும், எடுக்க வேண்டும் என்கிறார்களே?

காய்ச்சல் பற்றிய கேள்வியில் சொன்ன அறிகுறிகளை மறுபடி படியுங்கள். பால் குடிக்காத குறைமாதக் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரியும் வரை தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உரம் எடுக்கக் கொண்டுபோய், மறுநாள் காலை எங்களிடம் வந்த குழந்தைகள் உண்டு. அந்த ஓர் இரவில் பல போயின. பால் மறுத்தல், துவண்டு கிடத்தல், உடம்பு சில்லிடுதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலா உள்ளிழுத்தல், வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வழியில் குழந்தை உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும்.

சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். எத்தனை நாள் தடுப்பது?

மூன்று மாதமாவது. சளி, இருமல் உள்ளவர் யாரும் அறைக்குள் வரக் கூடாது. முத்தம் வேண்டாம், சாம்பிராணிப் புகை வேண்டாம், பீடி சிகரெட் பிடித்த கையோடு தூக்க வேண்டாம். பெரியவருக்கு வெறும் ஜலதோஷமாக வரும் ஆர்.எஸ்.வி. வைரஸ் இந்தக் குழந்தையை மறுபடியும் ஆக்ஸிஜனில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். பள்ளி செல்லும் அண்ணனோ அக்காவோ இருந்தால் சீருடை மாற்றி, கை கழுவிய பிறகு காலைத் தொட்டுக் கொஞ்சட்டும். ஒரேயடியாக விலக்கிவிடாதீர்கள்.

தடுப்பூசியை எடை ஏறிய பிறகு போடலாமா?

பிறந்த தேதியைக் கணக்கில் வைத்துத்தான் போட வேண்டும். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ஆறாவது வார ஊசி ஆறாவது வாரத்திலேயே, முழு அளவில். உங்களிடமிருந்து போன எதிர்ப்பொருள் பாதிதான் என்று பார்த்தோம், அதுவும் நாளாக ஆகக் கரையும். ஆகவே தள்ளிப்போடுவது இந்தக் குழந்தைக்குத்தான் அதிக ஆபத்து. மஞ்சள் காமாலை ‘பி’ முதல் ஊசி, பி.சி.ஜி. இரண்டும் எடை இரண்டு கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ நிலை சீராகாவிட்டாலோ சற்றுத் தள்ளலாம். தாய்க்கு ‘பி’ வைரஸ் இருந்தால் அந்த ஊசியைத் தள்ளவே கூடாது.

எப்போதுதான் மற்றக் குழந்தைகள் போல ஆகும்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில். தோல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கெட்டியாகிவிடும். காற்றுப்பட்டதும் அதன் முதிர்ச்சி வேகமெடுக்கும். ரத்த அணுக்களும் மாதங்களில் தேறும். முதல் வருடம் சளி, மூச்சுத் தொற்றுக்காக மருத்துவமனைக்கு வருவது அதிகம்தான், இரண்டாம் வருடத்தில் குறையும்.

அடுத்த பிரசவத்தில் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முழுதாகத் தடுக்க முடியும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, அபாயத்தைக் குறைக்கலாம். முதல் பரிசோதனையிலேயே முந்தைய குறைப்பிரசவத்தைச் சொல்லுங்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று எரிச்சல் இல்லாவிட்டாலும் பாருங்கள். 34 வாரத்துக்கு முன் வலி கண்டால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972-இல் நிரூபித்த சிகிச்சை அது. அந்த ஊசியால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்தால் மூச்சுக் குழாய் தேவைப்படும் நாள் குறையும், அதனால் தொற்றுக்கான வழிகளும் குறையும். பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். உடைந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.